உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக் கொல்லைக்கேற்ற குட்டை மா!

வடக்கின் தசேரி, தெற்கின் நீலம் ஆகிய மா ரகங்களை இணைத்து, புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வெளியிட்ட குட்டை ரகமே ‘அம்ரபாலி’. இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஹெக்டேரில் 1,600 கன்றுகள் நடலாம்!

• ஒட்டுக்கன்றை நடும்போது, வேர்ச்செடியும் மேல்கன்றும் இணையும் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் அழுகல் நோய் எளிதில் பிடிக்கும்.

• ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் கிளை. உடனே கிள்ளுங்கள், விட்டால் அது மேல்கன்றை அமுக்கிவிடும்.

• காற்றில் கன்று ஆடினால் புதுவேர் அறுபடும். குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

• முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். காய்க்குப் போகவேண்டிய சத்து வேரையும் கிளையையும் வலுவாக்கும். பிறகு மரம் பல ஆண்டுகள் பலன் தரும்.