தோல் செல்லுக்கும் மணி தெரியும்

ஒரே கதிர், ஐந்து மடங்கு கட்டி

உடம்பின் கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. தோல் செல்கள் ஒவ்வொன்றிலும் ஓடுகிறது. வெயிலின் கேடு எவ்வளவு நேரம் நின்றோம் என்பதோடு, எந்த நேரத்தில் நின்றோம் என்பதையும் பொறுத்தது. அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் அஸீஸ் சன்ஜார் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. சுண்டெலிகளில் ஒரு பிரிவுக்கு அதிகாலை 4 மணிக்கும், இன்னொன்றுக்கு மாலை 4 மணிக்கும் அதே அளவு புற ஊதா பி கதிரைக் காட்டினார்கள். அதிகாலைப் பிரிவில் தோல் கட்டிகள் சுமார் ஐந்து மடங்கு. காரணம் பழுதுபார்ப்பில் இருந்தது. இந்தக் கதிர் பட்டால் டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கெட்ட இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 எழுத்து நீளத்தை வெட்டியெறிந்துவிட்டு, செல் அதைப் புதிதாக நிரப்பும். அதற்கு வேண்டிய எக்ஸ்பிஏ என்ற புரதம் கடிகாரத்தின் பிடியில் ஏறி இறங்குகிறது. எலிகளில் அதிகாலையில்தான் அது அடிமட்டத்தில் இருக்கும். டிஎன்ஏ நகலெடுப்பு உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். பழுது நீங்காமலே நகலாகிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

கதிர் கடிகாரத்தையும் நகர்த்துகிறது. டிஎன்ஏ சிதைந்தால் கிரிப்டோகுரோம் 1 என்ற கடிகாரப் புரதம் சிதையாமல் தங்கி, செல்லின் நேரத்தையே மாற்றிவிடும்.

அப்படியானால் நமக்குக் காலை வெயில் எப்படி?

எலி இரவில் நடமாடும் பிராணி. நமக்கு இது தலைகீழாக இருக்கலாம், காலையில் பழுதுபார்ப்பு சுறுசுறுப்பாக இருக்கலாம் என்று அந்தக் குழுவே ஊகித்தது. அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டு பத்து மணி வெயிலில் நிற்பதற்கு நியாயம் தேடக் கூடாது. பழுதுபார்ப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும், கதிரின் அளவு ஏறினால் பழுதும் ஏறும். கறுத்த தோலுக்கு மெலனின் காவல் என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. கதிர் நின்று சில மணி நேரம் கழித்தும் இருட்டிலேயே டிஎன்ஏ சிதைவு தொடர்வதற்கு மெலனினே காரணமாகலாம் என்று 2015இல் யேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வைட்டமின் டிக்காக விடியற்காலை வெயில் என்பதும் பொருந்தவில்லை. அதை உண்டாக்கும் புற ஊதா பி அந்நேரத்தில் மிகச் சொற்பம். கொஞ்ச நேர மதிய வெயில் போதும், தோல் சிவக்கும்வரை நிற்பது வீண்.

கடிகாரத்தை நம்புவதைவிட நிழலைப் பார்ப்பது எளிது. அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டி வெளியில் இருக்கும்போது, நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை.