பல்லேகலயின் அதிர்வை உலகம் எப்படிப் படிக்கிறது?

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தபோது, ஏறத்தாழ 1,600 கிலோமீற்றருக்கு அப்பால் இலங்கையின் தரை 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. மெதுவான அசைவு என்பதால் உடல் அதை உணர்வது அரிது. கண்டிக்கு அருகே, பல்லேகல நிலநடுக்க நிலையத்தின் உணரி உணர்ந்தது.

எப்படி? உணரிக்குள் ஓர் எடை வில்சுருளில் நிற்கிறது. தரை அசைந்தாலும் எடை தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதை உணரியின் சட்டகத்தோடு சேர்த்தே நகர்த்த ஒரு மின்காந்தம் ஓயாமல் தள்ளும். அதற்குச் செலவாகும் மின்னோட்டமே அளவீடு.

எந்த நிலையம், எந்தத் திசை, எந்த நொடி என்று தெரியாவிட்டால் அந்த எண்களால் பயனில்லை. ஆகவே 1980களிலேயே நிலநடுக்கவியலாளர்கள் 'சீட்' என்ற பொதுத் தரவு வடிவத்தை ஏற்றார்கள். அதில் பல்லேகலயின் பெயர் 'பி.ஏ.எல்.கே.', செங்குத்து அசைவின் குறி 'இசட்'. நேரத்தை ஜிபிஎஸ் தருகிறது. எந்த நாட்டு மாணவரும் யாரிடமும் அனுமதிச் சாவி வாங்காமல் இப்பதிவைத் திறக்கலாம். அறிவியலின் மிக நேர்மையான ஏற்பாடுகளில் ஒன்று இது என்பேன்.

  

ஆனால் பதிவு இருந்தால் மட்டும் போதாது. 2004இல் பாறை வழியே வந்த அதிர்வலை சில நிமிடங்களில் இலங்கையை எட்டியது. சுனாமி அலைக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் கரையோர மக்களுக்குச் செய்தி போக வழியே இருக்கவில்லை. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகியவற்றின் மையங்கள் இந்துசமுத்திர நாடுகளுக்குச் சுனாமி எச்சரிக்கை அனுப்புகின்றன.