பளுவும் பதக்கமும்

தோல் பதனிடும் தொழிலால் உலகறியப் பெயர் பெற்றது வேலூர், ஆம்பூர் வட்டாரம். அங்கே வேலூர் மாநகரின் ஒரு பகுதியாக விளங்குவது சத்துவாச்சாரி. அது பளு தூக்கும் கலையை நெடுங்காலமாகப் போற்றி வரும் ஊர். அவ்வூரினர் சதீஷ்குமார் சிவலிங்கம் என்பவர். அவர் 1992ஆம் ஆண்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் படைவீரராய் இருந்தவர். தேசியப் போட்டிகளில் பளு தூக்கியவர். தந்தையார் சென்ற வழியே மைந்தரும் இளமையிலேயே இரும்புத் தண்டைக் கையில் ஏந்தினார்.

அவர் பெற்ற வெற்றிகளை உணர வேண்டுமாயின், இவ்விளையாட்டின் முறையை முதலில் அறிதல் வேண்டும். போட்டியிடுவோர் தம் உடல் எடைக்கேற்பப் பல பிரிவுகளாகப் பகுக்கப்படுவர். ஒவ்வொருவரும் இருவகையாகத் தூக்குதல் வேண்டும். தரையிலுள்ள பளுவை இடையில் நிறுத்தாது ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்துவது ‘ஸ்நாட்ச்’ எனப்படும். முதலில் தோள்வரை தூக்கி நிறுத்திப் பின்னர்த் தலைக்குமேல் உயர்த்துவது ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ எனப்படும். முன்னதற்கு விரைவு மிகுதியும் வேண்டும். பின்னதில் கூடுதலான எடையைத் தூக்க இயலும். ஒவ்வொரு வகைக்கும் மும்முறை வாய்ப்பு உண்டு. கைகள் மடங்காது நிமிர்ந்து, உடல் அசையாது நின்ற பின்னரே நடுவர் அதனை ஏற்பர். இருவகையிலும் தூக்கிய மிகுந்த எடைகளின் கூட்டுத்தொகையே வெற்றியை முடிவு செய்யும்.

2014ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அங்கே 77 கிலோ பிரிவில் நம் வீரர் முதல் வகையில் 149 கிலோவும், இரண்டாம் வகையில் 179 கிலோவும் தூக்கினார். ஆக 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் வென்றார். 317 கிலோ தூக்கிய மற்றோர் இந்திய வீரர் இரவிக்குமார் கட்டுலு வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு நம் வீரருக்கு அர்ஜுனா விருது வழங்கப் பெற்றது.

2016ஆம் ஆண்டில் ரியோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில் அவர் 329 கிலோ தூக்கினார். தங்கம் பெற்றுத் தந்த எடையினும் இஃது ஒரு கிலோ மிகுதி. ஆயினும், போட்டி முடிந்த அன்று அவருக்குக் கிடைத்தது பதினோராம் இடமே. அவ்வரங்கில் சீன வீரர் லூ சியாவ்ஜுன் தூக்கியதோ 379 கிலோ! உலகம் எத்துணைப் பெரிதென்பதை அந்த ஐம்பது கிலோ வேறுபாடு உணர்த்தியது.

மீண்டும் 2018ஆம் ஆண்டில் கோல்டு கோஸ்ட் நகரில் காமன்வெல்த் போட்டிகள் நடைபெற்றன. அதற்கு முன் தேசியப் போட்டியொன்றில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவருடைய தொடைத்தசை ஊறுபட்டது. அந்நோவுடனேயே அவர் அரங்கேறினார். முதல் வகையில் அவர் 144 கிலோ தூக்க, இங்கிலாந்து வீரர் ஜாக் ஆலிவர் 145 கிலோ தூக்கி முந்தினார். இரண்டாம் வகையில் நம் வீரர் 173 கிலோவை உயர்த்தினார். ஆலிவரோ 171 கிலோவை இருமுறை முயன்றும் உயர்த்த இயலவில்லை. 317 கிலோவுடன் தங்கம் மீண்டும் வேலூருக்கு வந்தது. எஞ்சிய ஒரு வாய்ப்பை நம் வீரர் பயன்படுத்தவில்லை. அதற்குத் தேவையும் நேரவில்லை.

மாணவர்களே, இக்கணக்கைச் சற்று உற்று நோக்குங்கள். முன்னர் ஒருவருக்கு வெள்ளி தந்த அதே 317 கிலோ, பின்னர் இவருக்குத் தங்கம் தந்தது. இம்மூன்றனுள் மிகுந்த எடையாகிய 329 கிலோவோ பதக்கம் எதனையும் தரவில்லை. உடன் போட்டியிடுவோர் யாவர் என்பதும், அவர்தம் ஆற்றல் எத்துணைத்து என்பதும் நம் கையில் இல்லை. நாம் தூக்கும் பளுவும், அதற்கென நாள்தோறும் செய்யும் பயிற்சியுமே நம் கையில் உள்ளன. பதக்கம் பெறாத நாளையும் இழிவாகக் கருதாது மீண்டும் தண்டைப் பற்றிய கைக்கே, இரண்டாம் முறையும் தங்கம் வாய்த்தது.