பாட்டி ஊரில் கொசு விருந்து வேண்டாம்!

குட்டீஸ், முழுப் பரீட்சை முடிஞ்சாச்சு, பாட்டி ஊருக்குக் கிளம்பியாச்சா? பையில் பந்து, பம்பரம் எல்லாம் ஏறியிருக்கும். முழுக்கைச் சட்டை? 'இந்த வெயிலிலா?' என்று முறைக்காதீர்கள். வெளிர் நிறத்தில் தொளதொளவென்று ஒரு பருத்திச் சட்டை போதும்.

நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை உருவாக ரத்தத்திலுள்ள புரதம் அதற்கு வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை வைத்தே நம்மைத் தேடி வந்துவிடும். கிட்டே வந்ததும் உடல் சூடும் வியர்வை வாடையும் வழிகாட்டும். ஓடி விளையாடிவிட்டு மூச்சு வாங்க உட்காருவீர்களே, அப்போது அதற்கு ஒரே கொண்டாட்டம்!

'கொசு ராத்திரிதானே கடிக்கும்?' என்றால், ஏமாந்தீர்கள். காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். டெங்குவைப் பரப்புவது அதுதான். எனவே, மரத்தடித் தூளியில் மத்தியானம் தூங்கும் பாப்பாவுக்கும் கொசுவலை வேண்டும். கொசு விரட்டும் கிரீமைப் பெரியவர்கள்தான் உங்களுக்குத் தடவ வேண்டும். சின்னக் குழந்தைகளின் கையில் தடவக் கூடாது. விரல் நேரே வாய்க்குப் போய்விடுமே!

திண்ணையில் கதை கேட்கும்போது டேபிள் ஃபேனைப் போடுங்கள். கொசு பலவீனமாகப் பறக்கும். காற்றை எதிர்த்து வராது.

சரி, பூட்டிவிட்டு வந்த வீடு? வாளியில் தேங்கிய நீரில், முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. ஓரத்தில் ஒட்டிய ஏடிஸ் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். அதனால், கிளம்பும் முன்பே நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.