விவாக விடுதலைக்கு ஊருக்குத்தான் போக வேண்டுமா?

திருமணத்தை ஆயிரம் காலத்துப் பயிர் என்று நம் பெரியோர் சொன்னார்கள். அந்தப் பயிர் செழிக்க வேண்டும் என்பதே எல்லாருடைய பிரார்த்தனையும். ஆயினும், எவ்வளவு பாடுபட்டாலும் விளையாத நிலமும் உலகில் உண்டு. அத்தகைய துரதிர்ஷ்டம் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்துவிட்டால், அதன்பின் செய்ய வேண்டியதை முறைப்படி செய்துகொள்ளாமல் இருப்பது துன்பத்தை இரட்டிப்பாக்கிக்கொள்வதே ஆகும்.

பிழைப்புத் தேடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. குழந்தைக்கு முடி இறக்குவதானாலும், காது குத்துவதானாலும், பாகப் பிரிவினையானாலும், "எல்லாம் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திவைப்போம். முடியிறக்குவது ஒத்திப்போனால் நஷ்டமில்லை. தாம்பத்திய வழக்கு அப்படியன்று.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் ஒரு தையற்கூடத்தில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் நம் சங்கத்துக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையில் கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். நான்கு ஆண்டுகள் கணவனும் மனைவியும் இங்கேயே குடித்தனம் நடத்தினார்கள். பிறகு கணவர் ஊருக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஊர்ப் பெரியவர்கள் கூடி, 20 ரூபாய் முத்திரைத் தாளில், "இன்று முதல் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை" என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பெண் குழந்தையைத் தனியே வளர்த்துவந்தார் அந்த அம்மாள். இப்போது அவரை மணந்துகொள்ள நல்ல மனிதர் ஒருவர் முன்வந்தார். திருமணப் பதிவுக்குச் சென்றபோது, "முந்தைய விவாகம் ரத்தான கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் எங்கே?" என்று கேட்டார்கள். தாளைக் காட்டினார், அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஐயா, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? வாய்தாவுக்கு வாய்தா ஊருக்குப் போய்வந்தால் என் வேலை என்ன ஆவது? பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டுக் கண் கலங்கினார்.

அவருக்குச் சொன்ன பதிலையே வாசகர்கள் அனைவருக்கும் இங்கே விவரமாகச் சொல்கிறோம்.

முத்திரைத் தாள் செல்லுமா?

1955ஆம் ஆண்டின் இந்து விவாகச் சட்டம், வழக்காற்றின்படி நடக்கும் விவாக விடுதலையை அடியோடு ஒதுக்கிவிடவில்லை. 29ஆம் பிரிவு அதற்கு இடம் தந்திருக்கிறது. ஆனால், தம் சமூகத்தில் அப்படியொரு வழக்காறு தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்துவருகிறது என்பதை, அதை நம்பி வருகிறவரே கோர்ட்டில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாள்தான். அதை நம்பி மறுமணம் செய்தால் அந்த மறுமணம் செல்லாததாகும். அத்துடன், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி, வாழ்க்கைத் துணை உயிரோடிருக்கும்போது மறுமணம் செய்வது ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமுமாகும். நோட்டரியின் முத்திரை குத்தப்பட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

எந்த ஊர்க் கோர்ட்டு?

இந்து விவாகச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. விவாகம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், தம்பதிகள் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய இம்மூன்றில் எந்த இடத்துக் கோர்ட்டிலும் மனுச் செய்யலாம். எதிர்மனுதாரர் இச்சட்டம் செல்லாத அயல்நாட்டில் வசித்தாலும், ஏழு ஆண்டுகளாக உயிரோடிருப்பதாகத் தகவலே இல்லாவிட்டாலும், மனுதாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம்.

பம்பாய் மாகாணம் 1947லும் சென்னை மாகாணம் 1949லும் இந்துக்களுக்கு விவாக விடுதலை உரிமையைத் தனிச் சட்டங்களால் அளித்தன. 1955இல் அது தேசம் முழுவதற்கும் பொதுவாயிற்று. ஆயினும், கணவனால் கைவிடப்பட்ட பெண் வேறோர் ஊரில் தஞ்சம் புகுந்தால், நியாயம் கேட்கப் பழைய ஊருக்கே போக வேண்டியிருந்தது. 48 ஆண்டுகள் கழித்து, 2003ஆம் ஆண்டில் வந்த திருத்தம் இந்தக் குறையைத் தீர்த்தது. மனுச் செய்பவர் மனைவியாக இருந்தால், மனுச் செய்யும் நாளில் அவர் எங்கே வசிக்கிறாரோ அங்கேயே மனுச் செய்யலாம் என்பது அத்திருத்தம். 1954ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டத்தின்கீழ் மணந்த பெண்களுக்கும் அதே சலுகை உண்டு. கணவர்களுக்கு இது இல்லை.

கிறிஸ்தவ அன்பர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவாகம் நடந்த இடம், தம்பதிகள் வசிக்கும் இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம் ஆகியவையே கணக்கு. மனைவி தனியே வசிக்கும் இடம் அதில் சொல்லப்படவில்லை. முஸ்லிம் பெண்கள் விவாக விடுதலை கோருவதற்கான காரணங்களை 1939ஆம் ஆண்டின் தனிச் சட்டம் வகுத்துள்ளது.

வசிப்பிடத்துக்கு அத்தாட்சி

"வசிக்கும் இடம்" என்பது உறவினர் வீட்டில் நாலு நாள் தங்குவதன்று, நிலையாகக் குடியிருப்பது. நம்மவர்களில் பலருக்கு ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இன்னும் ஊர் விலாசமே இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், மின்சார ரசீது, குழந்தையின் பள்ளிச் சான்று, வேலை செய்யும் இடத்தின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துவைப்பது நல்லது. கல்யாணப் பத்திரிகை, புகைப்படங்கள், திருமணப் பதிவுச் சான்று ஆகியவையும் வேண்டும். தமிழில் உள்ளவற்றுக்கு மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டிவரும்.

சுயமரியாதை முறையில் மணந்தவர்கள், புரோகிதரும் ஓமமும் இல்லாத திருமணம் வெளிமாநிலக் கோர்ட்டில் எடுபடுமா என்று அஞ்ச வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டின் சென்னைத் திருத்தச் சட்டம் 7-ஏ பிரிவைச் சேர்த்து அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கியிருக்கிறது. இங்குள்ள வக்கீலுக்கு அப்பிரிவு தெரியாதிருந்தால் எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில் பதிவேட்டைப் பாருங்கள்

மனுச் செய்வதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மறுதரப்பார் ஊரில் ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருக்கிறாரா என்று பார்ப்பதே அது. சம்மன் பழைய விலாசத்துக்குப் போய், நமக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருக்கக்கூடும். அப்படி ஆகியிருந்தால் அதை ரத்துச் செய்யக் கோரலாம். அதற்குக் காலவரையறை 30 நாட்கள். சம்மன் முறைப்படி சார்வாகாதிருந்தால், தீர்ப்பைப் பற்றி அறிந்த நாளிலிருந்து அது எண்ணப்படும்.

இதற்கு ஊருக்குப் போக வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் என்னும் அரசாங்க இணையதளத்திலும் செல்பேசிச் செயலியிலும், மாநிலத்தையும் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அது கிடைத்துவிட்டால் அடுத்த வாய்தா நாளைக்கூட வீட்டிலிருந்தே அறியலாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவர். தலைப்பெழுத்தை முன்னே வைப்பவரும் உண்டு, பின்னே வைப்பவரும் உண்டு. ஆகையால் பலவிதமாகத் தேடுங்கள். நடப்பு வழக்குகளை மட்டுமின்றி முடிந்த வழக்குகளையும் பாருங்கள்.

வழக்கு இருப்பது தெரிந்தால், அந்தக் கோர்ட்டின் நகல் பிரிவில் விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, சான்றிட்ட நகல் பெற வேண்டும். நேரில் போக இயலாதவர் அவ்வூர் வக்கீல் ஒருவருக்கு வக்காலத்துக் கொடுத்துப் பெறலாம். கட்சிக்காரர்களுக்கு நகல் பெறும் உரிமை உண்டு. அந்நியர் கேட்டால் தக்க காரணம் காட்டி அனுமதி பெற்றாக வேண்டும். "நம் வீட்டு விஷயம் ஊர் சிரிக்குமே" என்று தயங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: இவ்வழக்குகள் கதவடைத்தே விசாரிக்கப்படும் என்றும், மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளை அனுமதி பெற்று வெளியிடுவது தவிர, நடவடிக்கைகளை அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம் என்றும் 22ஆம் பிரிவு சொல்கிறது.

ஊரில் முன்னமே வழக்கு நடந்துகொண்டிருந்தால், நாம் இங்கே தொடுக்கும் வழக்கை அங்கே மாற்றிவிட இடமுண்டு. அப்போது, அந்த வழக்கையே இங்கு மாற்றித் தரும்படி சுப்ரீம் கோர்ட்டில் கேட்கலாம். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு வழக்கை மாற்றும் அதிகாரம், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அதற்கே உண்டு. எதைச் செய்தாலும் செய்யுங்கள். ஊரிலிருந்து வந்த சம்மனை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்.

குடும்ப நீதிமன்றத்தில்

1974இல் சட்டக் கமிஷன் தன் 59ஆம் அறிக்கையில் வற்புறுத்தியதன் பயனாகவும், மாதர் சங்கங்களின் முயற்சியாலும், 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் பிறந்தது. மும்பைவாசிகளுக்குப் பாந்திராவில் அந்நீதிமன்றம் இருக்கிறது. அங்கே முதல் முயற்சி சமரசமே. ஆலோசகர்கள் இருவரையும் வைத்துப் பேசுவார்கள். வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமையன்று. கோர்ட்டின் அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். பணமில்லையே என்று பெண்கள் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வழக்கு நடக்கும் காலத்துக்கு ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் 24ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம்.

இருவரும் மனமொத்துப் பிரிவதானால், 1976இல் சேர்ந்த 13-பி பிரிவு எளிய வழி. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கூட்டு மனுக் கொடுத்தபின் ஆறு மாதம் காத்திருந்து, மறுபடி இருவரும் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து, ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் தீர்மானமாகி, சமரசத்துக்கு வழியே இல்லாதபோது அந்த ஆறு மாதத்தைக் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இத்தகைய வழக்குகளைக் காணொலி மூலம் நடத்தவும் அதே தீர்ப்பு இடம் தந்தது.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

விவாகம் ரத்தானால், தீர்ப்பாணையின் நகலைக் கோர்ட்டே இரு கட்சிக்காரருக்கும் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 23ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. பலர் இதை அறியாமல் வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்குப்பின் அலைகிறார்கள். வழக்கு எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சான்றிட்ட நகல் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருங்கள். எதிர்த்து நடந்த வழக்கானால், அப்பீல் காலம் கழியும்வரை மறுமணத்துக்கு அவசரப்படாதீர்கள். சம்மதத்தின்பேரில் குடும்ப நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

அந்தத் தையற்கூடச் சகோதரியின் விஷயத்துக்கு வருவோம். ஊர்க் கோர்ட்டுப் பதிவேட்டில் தேடியதில் வழக்கு ஏதும் இல்லை. அவருடைய அண்ணன் மூலம் கணவரிடம் பேசியதில், அவரும் முறைப்படி பிரிய இசைந்தார். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் மும்பை ஆதலால், கூட்டு மனு இங்கேயே தாக்கலாயிற்று. பெண் குழந்தை தாயிடம் இருக்கவும், படிப்புச் செலவைத் தகப்பனார் ஏற்கவும் ஒப்புக்கொண்டார்கள். ஆறு ஆண்டுப் பிரிவைக் கருதிக் காத்திருப்புக் காலமும் தள்ளுபடியாயிற்று.

தீர்ப்பின் நகலோடு சங்கத்துக்கு வந்தபோது, அந்தப் பழைய முத்திரைத் தாளையும் கொண்டுவந்திருந்தார். "ஐயா, இதைக் கிழித்துவிடலாமா?" என்று கேட்டார். வைத்திருந்தால் பாதகமில்லை என்றோம். அவர் சற்று யோசித்துவிட்டு அதை நான்காகக் கிழித்துப் போட்டார். "இனி ஊருக்குக் கொடைக்குப் போகலாம், கோர்ட்டுக்கென்று போக வேண்டியதில்லை" என்றார்.