உங்களுக்குத் தெரியுமா? வெயில், கொசு, பயணம்

● வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது காயும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது. வேலூரின் 40 டிகிரி வறண்ட வெயிலைவிடச் சென்னையின் 36 டிகிரிப் புழுக்கம் சில நாள்களில் ஆளை அதிகம் வாட்டுவது இதனால்தான்.

● நம் வெயில் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், நிறைய வியர்க்கும்; வியர்வையில் உப்பு மட்டும் குறையும். குளிர்நாட்டில் சில வாரம் இருந்தாலே இந்தப் பழக்கம் விட்டுப்போகும். லண்டனிலிருந்து மே மாதம் ஊருக்கு வரும் நம்மவருக்கும் இதே கணக்குதான்.

● பனாமா கால்வாய் வெட்ட 1881-இல் இறங்கிய பிரெஞ்சுக்காரர்கள், மருத்துவமனையில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்கள். கொசு அதிலேயே முட்டையிட்டது! மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் வாரிக்கொண்டு போக, சுமார் 22,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. பின்னால் வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கார்கஸ் கொசுவை ஒடுக்கிய பிறகே வேலை நடந்தது. 1914-இல் கால்வாய் திறந்தது.

● மழை பொய்த்தாலும் மலேரியா வரும். 1934-இல் இலங்கையின் ஈரவலயத்தில் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் பெருகிய கொசுவால் 1935-க்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அதே இலங்கையை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

● மலேரியா கொசு இரவில் கடிக்கும். டெங்கு கொசு பகலில். கொசுவலைக்குள் தூங்கிவிட்டு, காலையில் அரைக்கால் சட்டையோடு ஊர் சுற்றினால் பாதிப் பாதுகாப்புதான்.

● கென்யா போகிறீர்களா? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் 10 நாள் கழித்தே செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் போதும். அது இல்லாமல் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். அந்த வைரஸ் இந்தியாவில் இல்லை, அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு உண்டு. கெடுபிடிக்குக் காரணம் அதுதான்.

● 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா. ஏற்றுவதற்கு சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை எட்டிய இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பயணப் பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.