உங்க லேப்டாப்புக்கு யாரு பாஸ்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல ஒரு காலை நேரம் சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. விசைப்படகு இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுட்டு, முழங்கை வரைக்கும் கிரீஸோட ஒரு மெக்கானிக் அண்ணன் உட்கார்ந்திருப்பார். 'இந்த இன்ஜினுக்கு வயசாயிடுச்சுண்ணே, கம்பெனியே கைவிட்டுடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க'ன்னு அவர்கிட்ட சொன்னா என்ன பதில் வரும்? அதை இந்தப் பக்கத்துல அச்சடிக்க முடியாது பாஸ்!

ஆனா அதே ராயபுரத்துல, அதே திருவொற்றியூர்ல, நம்ம வீட்டு மேஜையில இருக்கிற லேப்டாப்பைப் பார்த்து எங்கேயோ இருக்கிற கம்பெனி 'வயசாயிடுச்சு'ன்னு சொன்னா மட்டும் நாம பேசாம தலையாட்டிடறோம். 2025 அக்டோபர் 14 அன்னிக்கு அதுதான் நடந்தது. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருஷம்னு ஒரு சலுகை. சரி, விண்டோஸ் 11-க்குப் போயிடலாம்னு பார்த்தா, அதுக்கு டி.பி.எம். 2.0 சிப் வேணும், இன்டெல்னா கிட்டத்தட்ட எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரம் பேசி நாம வாங்கற ஆறாம் தலைமுறை 'ஐ5' செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புக்கு 'நோ என்ட்ரி' போர்டு!

காலடிப்பேட்டையில என் கிளாஸ்மேட் ஒருத்தன் இருக்கான். அப்பா ஹார்பருக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டறவர். வீட்டுல இருக்கிறது ஒரே லேப்டாப். இவனோட ஃபைனல் இயர் புராஜெக்ட், தங்கச்சியோட பிளஸ் டூ நோட்ஸ், ராத்திரி 11 மணிக்கு மேல இவனோட கேம்... எல்லாம் அதுலதான். சர்வீஸ் கடையில ரெண்டே வழி சொன்னாங்களாம். ஒண்ணு, புதுசு வாங்கு. ரெண்டு, கிராக் போட்டு லெவனை ஏத்திடலாம். முதல் வழிக்கு வீட்டுல காசு இல்லை. ரெண்டாவது வழியில ஒரு சிக்கல். அந்த ஆக்டிவேட்டரை ஓட்டறதுக்கு முன்னாடி 'ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணிடு'ன்னு சொல்வாங்க பாருங்க, அது வாட்ச்மேனை அனுப்பிட்டு வாசலைத் திறந்து வைக்கற வேலை. அப்பாவோட நெட் பேங்கிங்கும் அதே மெஷின்லதான்.

அவன் மூணாவது வழி போனான். லினக்ஸ்.

'லினக்ஸா? கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து ஓடுமே, அதானே? கேம் வராதே மச்சி!' நீங்க சொல்றது காதுல விழுது. வாங்க, விலாவாரியா பேசுவோம்.

'பாஸ்' பொறந்தது நம்ம ஊர்ல!

1991-ல ஹெல்சின்கி யுனிவர்சிட்டியில படிச்சுக்கிட்டு இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயசுல, 'சும்மா பொழுதுபோக்குக்கு' எழுத ஆரம்பிச்ச கெர்னல்தான் லினக்ஸ். நம்மைவிட ஒரு வயசுதான் பெரியவர். (இதை வீட்டுல சொல்லிடாதீங்க!) உங்க ஆண்ட்ராய்டு போனுக்குள்ள இருக்கிறது அதே கெர்னல்தான். உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியல்ல 2017 நவம்பர்ல இருந்து ஐந்நூறுமே லினக்ஸ்.

அதைவிட சுவாரஸ்யம் நம்ம ஊர் கதை. 2007 வாக்குல, சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, தமிழக அரசோட 'எல்காட்' நிறுவனம் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை சுசே லினக்ஸுக்கு மாத்தியது. அதே வருஷம் சென்னையில இருக்கிற சி-டாக் மையம், டெபியனை அடிப்படையா வெச்சு ஒரு இந்திய லினக்ஸை வெளியிட்டது. பேரு... பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கமா 'பாஸ்'!

2011-ல தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதுல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோட பக்கத்துலயே பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்புறம் என்ன ஆச்சு? உங்க அண்ணனையோ அக்காவையோ கேளுங்க. லேப்டாப் கைக்கு வந்த வாரமே 'இது என்னவோ எக்ஸ்ட்ராவா இருக்கு'ன்னு பாஸை அழிச்சுட்டு, திருட்டு விண்டோஸும் வைஸ் சிட்டியும் ஏத்தினவங்கதான் அதிகம். சொல்லித் தர ஆளில்லாம ஒரு பொருளை மட்டும் கையில கொடுத்தா இப்படித்தான் ஆகும். 2026 ஜனவரியில காலேஜ் பசங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்லயும் விண்டோஸ் 11-ஓட பாஸ் லினக்ஸ் வந்தது. உங்க கையில அது இருந்தா, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அதுக்குள்ள போய்ப் பாருங்களேன்.

துபாஷ் வேலை பார்க்கும் புரோட்டான்

இப்போ மெயின் மேட்டர். கேம்!

பழைய மெட்ராஸ்ல 'துபாஷ்'னு ஒரு உத்தியோகம் உண்டு. கப்பல்ல வந்து இறங்கற வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. நம்ம வியாபாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பேசி சரக்கைக் கைமாத்தி விடறவர் துபாஷ். விண்டோஸுக்காக எழுதின கேம் விண்டோஸ் பாஷையிலதான் பேசும். 'இந்த ஃபைலைத் திற', 'இந்த முக்கோணத்தை வரை'ன்னு அது கேட்கறதை லினக்ஸுக்குப் புரியற மாதிரி உடனுக்குடன் மாத்திச் சொல்ல ஒரு துபாஷ் வேணுமில்லையா? அதுதான் 'வைன்'. 1993-லயே ஆரம்பிச்ச வேலை. வைன் தனியா ஒரு விண்டோஸை உருவாக்கி அதுக்குள்ள கேமை ஓட்டறது இல்லை. வெறும் மொழிபெயர்ப்புதான். அதனாலதான் ஸ்பீடு பெருசா அடி வாங்கறதில்லை.

பல வருஷம் அந்த துபாஷ் கொஞ்சம் திக்கித் திக்கித்தான் பேசினார். 2018 ஆகஸ்ட்ல கதை மாறியது. 'ஸ்டீம்' நடத்தற வால்வ் கம்பெனி, வைனோட இன்னும் சில சமாச்சாரங்களைச் சேர்த்து 'புரோட்டான்' என்ற பேர்ல ஸ்டீமுக்குள்ளயே வெச்சுட்டாங்க. அதுல முக்கியமானது டி.எக்ஸ்.வி.கே. டைரக்ட் எக்ஸ் பாஷையை வல்கன் பாஷைக்கு மாத்தற பார்ட்டி. கேமை இன்ஸ்டால் பண்ணு, 'பிளே' அமுக்கு, அவ்வளவுதான். வால்வுக்கு என்ன திடீர் பாசம்? விண்டோஸ் 8 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் தன் சொந்த ஸ்டோரைத் திறந்தது. நாளைக்கு நம்ம கடையையே மூடிட்டா என்ன பண்றதுங்கற பயம்தான். அந்தப் பயத்தோட பலன் 2022 பிப்ரவரியில வந்த 'ஸ்டீம் டெக்'. கையடக்க கேம் மெஷின், உள்ளே முழுக்க லினக்ஸ். 2025 அக்டோபர் ஸ்டீம் சர்வேயில லினக்ஸ்காரர்கள் முதல் தடவையா 3 சதவிகிதத்தைத் தாண்டினாங்க. 'வெறும் மூணா?'ன்னு சிரிக்காதீங்க. பல வருஷம் ஒண்ணுலயே நொண்டிக்கிட்டு இருந்த கேஸ் அது!

கவுன்ட்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 ரெண்டும் லினக்ஸுக்குன்னே நேரடியா வந்திருக்கு. மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனும் அப்படியே. ஜி.டி.ஏ. 5 ஸ்டோரி மோட், எல்டன் ரிங், சைபர்பங்க் எல்லாம் புரோட்டான் வழியா ஓடுது. எபிக் ஸ்டோர்ல ஃப்ரீயா அள்ளி வெச்சிருக்கீங்களே, அதுக்கு 'ஹீரோயிக்' லாஞ்சர் இருக்கு. எந்த கேம் எப்படி ஓடுதுன்னு ஆடினவங்களே மார்க் போடற இடம் 'புரோட்டான் டிபி'. வாங்கறதுக்கு முன்னாடி அங்கே ஒரு எட்டு பார்த்துடுங்க.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். டி.எக்ஸ்.வி.கே.வுக்கு வல்கன் 1.3 வேணும். இன்டெல் கிராஃபிக்ஸ்னா ஆறாம் தலைமுறையில இருந்து ஓகே. நாலாம் தலைமுறை மெஷின்ல சான் ஆண்ட்ரியாஸ் காலத்து கேம்களோட திருப்திப்பட்டுக்கணும். ஓட்டை சைக்கிளுக்கு லினக்ஸ் இன்ஜின் மாட்டித் தராது!

வேலோரன்ட் பிரியர்களே, மன்னிக்க!

வேலோரன்ட் ஓடாது. ஃபோர்ட்நைட் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கிட்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில கதவைச் சாத்திட்டாங்க. ஜி.டி.ஏ. ஆன்லைனும் அதே வருஷம் செப்டம்பர்ல போச்சு. துபாஷ் சரியாத்தான் பேசறார். அங்கே செக்யூரிட்டிதான் உள்ளே விட மாட்டேங்கறார்.

அந்த செக்யூரிட்டி பேரு ஆன்டி-சீட். வேலோரன்ட்டோட 'வான்கார்டு' விண்டோஸ் கெர்னலுக்குள்ளயே உட்காரும். கெர்னல்னா ஹார்பர் கன்ட்ரோல் ரூம் மாதிரி. எந்தக் கப்பல் எந்த பெர்த்துக்கு, எந்த கிரேன் எப்போ அசையணும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். நீங்க கேம் ஆடினாலும் ஆடாட்டியும், லேப்டாப் ஆன் ஆனதுமே வான்கார்டு அங்கே ஆஜர். எதிராளி சீட்டிங் பண்ணக் கூடாதுங்கற ஆசை நியாயமானதுதான். அதுக்காக ஒரு கேம் கம்பெனிக்குக் கன்ட்ரோல் ரூம் சாவியைக் கொடுக்கலாமாங்கறது நீங்க முடிவு பண்ண வேண்டியது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளோட ஒரே ஒரு தப்பான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீன்! அதுவும் கெர்னல்ல உட்கார்ந்திருந்த ஆளுதான்.

ஹார்பர் ஏரியாக்காரங்க நமக்கு இன்னொரு கதை நல்லாவே உறைக்கும். 2017 ஜூன் 27. உக்ரைன்ல எல்லாரும் நம்பி வெச்சிருந்த ஒரு கணக்கு மென்பொருளோட அப்டேட் வழியா 'நாட்பெட்யா' வைரஸ் கிளம்பியது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி அப்படியே ஸ்தம்பிச்சது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைத் திரும்ப முதல்ல இருந்து ஏத்தினாங்க. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்துல அவங்க குழுமம் நடத்தின டெர்மினல்ல வேலை நின்னு போச்சு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல ட்ரெய்லர் க்யூ நின்னா எத்தனை வீட்டுல அன்னிக்குச் சம்பாத்தியம் நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

லினக்ஸுக்கு இந்த நோயே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2024 மார்ச்ல 'எக்ஸ்.இசட்'ங்கற சின்ன லினக்ஸ் கருவிக்குள்ள யாரோ திருட்டுக் கதவு வெச்சுட்டாங்க. பிடிச்சவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். லாகின் ஆக அரை செகண்ட் கூடுதலா ஆகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டியிருக்கார். மூடி வெச்ச மென்பொருளா இருந்தா அந்தச் சந்தேகம் அங்கேயே நின்னிருக்கும். சோர்ஸ் கோட் திறந்து கிடந்ததால உள்ளே இறங்கிப் பார்த்தார். இதுல செம காமெடி, அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்ட்ல!

யாரோ பார்க்கிறாங்க...

விண்டோஸ் 11 ஹோம்ல 'கட்டாயத் தகவல்'னு ஒரு பகுதியை ஆஃப் பண்ணவே முடியாது. உங்க மெஷினைப் பத்தின விவரம் போய்க்கிட்டே இருக்கும். 2024-ல 'ரீகால்'னு ஒரு வசதியை அறிவிச்சாங்க. சில செகண்டுக்கு ஒரு தடவை ஸ்கிரீனைப் படம் பிடிச்சு வெச்சுக்குமாம். எதிர்ப்பு கிளம்பினதுல தள்ளிப் போட்டு, 2025 ஏப்ரல்ல 'விருப்பப்பட்டா மட்டும்'னு விட்டாங்க. லினக்ஸ் உலகத்துலயும் ஒரு கறுப்பு ஆடு உண்டு. 2012-ல உபுன்டு, நீங்க சொந்த கம்ப்யூட்டர்ல தேடறதை அமேசான் விளம்பரத்துக்காக வெளியே அனுப்பியது. ஆட்கள் கொதிச்சாங்க, 2016-ல அது தானா இயங்கறதை நிறுத்திட்டாங்க. பிடிக்கலைன்னா வேற லினக்ஸுக்குத் தாவலாம்ங்கற வசதி இருக்கே, அதுக்கு கம்பெனிகள் பயப்படத்தான் செய்யும்.

ஆனா லினக்ஸ் போட்டுட்டு அதுல குரோம்ல கூகுள் லாகின் பண்ணி நாள் பூரா உலாவினா, கூகுளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஃபயர்பாக்ஸுக்கு மாறறதுல இருந்து ஆரம்பிங்க.

சரி, எப்படி ஏத்தறது?

பழைய மெஷினுக்கு என் ஓட்டு 'லினக்ஸ் மின்ட்', எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. 4 ஜி.பி. ராம் இருந்தா போதும். 8 ஜி.பி. பென் டிரைவ்ல எழுதி, அதுல இருந்தே பூட் பண்ணுங்க. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே முழுசா ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, டச்பேடு எல்லாம் வேலை செய்யுதான்னு ஒரு நாள் பழகுங்க. வைஃபை மக்கர் பண்ணா போனை யூ.எஸ்.பி.யில மாட்டி டெதரிங் போட்டு டிரைவரை இறக்கிக்கலாம்.

பிடிச்சிருந்தா டூயல் பூட். அதுக்கு முன்னாடி புராஜெக்ட், போட்டோ எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்துடுங்க. விண்டோஸ்ல பிட்லாக்கர் ஆன்ல இருந்தா ரெகவரி கீயை எழுதி வெச்சுக்கணும். இதை மட்டும் விட்டுட்டா உங்க ஃபைலுக்கு நீங்களே வெளியாள்!

விண்டோஸை ஒரேயடியா தலைமுழுகச் சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல், சிவில் மக்களே, ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. சில ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் மென்பொருளும் விண்டோஸ் கேட்கும். அதுக்கு மட்டும் அந்தப் பக்கம் போயிட்டு வாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு இது லாட்டரி. ஓ.எஸ். லேப்ல மனப்பாடம் பண்ற ஷெல் கமாண்டு எல்லாம் வீட்டுலயே பழகிடும். தமிழ்ல படிக்கணும்னா, 2012-ல இருந்து கட்டற்ற மென்பொருள் பத்தி எழுதற 'கணியம்' இருக்கு. து.நித்யா எழுதின 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' மின்னூலாவே இலவசமா கிடைக்குது.

காலடிப்பேட்டை நண்பன் இப்போ ராத்திரி டோட்டா ஆடறான், எல்லா செட்டிங்கையும் 'லோ'வுல வெச்சு. தங்கச்சி தமிழ்99 கீபோர்டைப் போட்டு நோட்ஸ் அடிக்குது. வேலோரன்ட் போனதுல அவனுக்கு இன்னும் வருத்தம்தான்.

கடைசியா ஒண்ணு. எண்ணூர், எர்ணாவூர் பக்கத்து மக்களுக்கு மட்டும். நம்ம ஏரியா காத்துல உப்பும் சாம்பலும் கலந்தே வருது. எந்த ஓ.எஸ். போட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை லேப்டாப்பைத் திறந்து ஃபேனைக் கிளீன் பண்ணிடுங்க. அதுக்கு இன்னும் சாஃப்ட்வேர் வரலை!